திரையில் குணமான தம்பி

போதைப் பழக்கத்தை நாட்டிலிருந்து வேரோடு பிடுங்குவதென்று துறை முடிவெடுத்தது. வேரைப் பிடுங்க நாளாகும் என்பதால், முதற்கட்டமாக ஓர் ஆவணப்படம் எடுக்கத் தீர்மானமாயிற்று.

அந்தச் சமயம் பார்த்துத் தையற்கடை அக்கா தன் தம்பியைத் துறையின் மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிவந்தாள். ஊசி போட்டுப் போட்டு அவன் கை சல்லடையாகியிருந்தது. "என்னால முடியல, எங்கயாவது சேர்த்துவிடுக்கா" என்று அவனே வாய்விட்டுக் கேட்டிருந்தான். அந்த வார்த்தைக்காக அவள் எத்தனையோ வருஷம் காத்திருந்தாள்.

"படுக்கை காலி இல்லையே" என்றார் அதிகாரி. பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தம்பி நம்ம படத்துல இருக்கட்டும். படப்பிடிப்பு முடியறவரைக்கும் படுக்கை உண்டு."

படுக்கை கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. தம்பி அசந்து தூங்கினான். எழுந்து, பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். படத்தின் இயக்குநர் தலையில் கைவைத்துவிட்டார்.

"என்ன சார், ஆள் தேறிட்டு வர்றான்? சீரழியற காட்சியே இன்னும் எடுக்கலையே!"

அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார்: "தம்பி, எதுக்கும் ஒரு முறை இருக்கு. இப்படி அவசரப்பட்டுக் குணமாகக் கூடாது."

பொதுநலன் கருதி மருந்து நிறுத்திவைக்கப்பட்டது. தம்பி சுருண்டு துடித்தான். கேமராக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேமரா ஆடவில்லை. பிறகு சட்டையை மாற்றி, தலையைச் சீவி, ஜன்னலோரம் நிறுத்தி வெளிச்சம் போட்டார்கள். குணமானான். மாலையே வாடகைக் கட்டிலை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

படம் வெளிவந்தது. ஊரே அழுதது. அதற்குள் தம்பி பழைய கூட்டத்தோடு போய்ச் சேர்ந்திருந்தான். அக்கா அவனைத் தேடிப் பிடித்து மறுபடியும் இழுத்துவந்தாள்.

"இவர்தான் குணமாயிட்டாரே!" என்றார் அதிகாரி.

"எப்படி நடுங்குறான், பாருங்க சார்."

"ஏம்மா, விருது வாங்கின படத்தைப் பொய்னு சொல்றீங்களா? குணமானவரை இன்னொரு தடவை குணப்படுத்த விதியில இடமில்லை."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "அட, அந்தப் பையன்! என்னமா துடிச்சான்! தம்பி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தாங்கலக்கா" என்றான்.

அவனைக் கண்டாலே கைப்பையை இறுக்கிக்கொண்ட ஜனம், இன்று அவன் தோளில் கைபோட முண்டியடித்தது. அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவன் நெற்றி வியர்வையைத் துடைத்து, முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஒரே ஒரு நிமிஷம் சிரிடா, கண்ணு."