எல்லா பஸ்ஸும் சூலியா தெருவுக்கு

கணினியில் வேலை செய்பவனுக்குத் தான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியும். தான் தட்டுகிற கட்டளை எந்த ஊருக்குப் போகிறது என்பதுதான் பல நேரம் தெரியாது. எனக்கு அப்படித் தெரியாமல் போனது தொண்ணூறுகளின் நடுவில், பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில்.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் பேருந்துப் பட்டியல் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்ற விவரமெல்லாம் அங்கிருந்த சர்வரில் இருந்தது. அதன் நகல் ஒன்று, சோதனைக்காக, என் மேசைக் கணினியில். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் போதும், மோடம் கீச்சிட, கட்டளை தொலைபேசி வழியே பிறை சர்வருக்கே போய்விடும். (அந்தச் சத்தத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.)

அன்று மாலை உண்மையான விவரம் ஒன்றைச் சரிபார்க்க அப்படிப் போனேன். பார்த்தேன். அந்த வரியைத் திரும்ப மாற்ற மறந்தேன். பிறகு, சோதனை நகல்தானே என்று எல்லாருடைய நிறுத்தத்தையும் ஒரே கட்டளையில் ‘சூலியா தெரு’ ஆக்கினேன். (பசி. அந்தத் தெருக் கடைகளின் நாசி கண்டார் சோற்று நினைப்பு.) கட்டளை அழகாக வேலை செய்தது. விசிலடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை எடுத்தால், சாலை முனையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அதே தொழிற்சாலையில் அவள் ஆபரேட்டர். அன்று அவளுக்கு சூப்பர்வைசர் வேலைக்கு நேர்முகம். இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில் கசங்கியிருந்தது.

“பஸ்ஸு இன்னும் வரல தம்பி. மணியாச்சு லா.”

“அந்த டிரான்ஸ்போர்ட் ஆளுங்களுக்கு மூளையே கிடையாதுக்கா. ஏறு, நான் கொண்டுபோய் விடுறேன்.”

பாலம் நெடுக அவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். தொழிற்சாலை வாசலில் போக்குவரத்துக் குமாஸ்தா கணேசண்ணன் தலையில் கைவைத்து நின்றார்.

“எல்லா பஸ்ஸும் சூலியா தெருவுல மாட்டிக்கிச்சு தம்பி. லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு. ஏற ஆளே இல்ல, கடைக்காரங்கதான் சண்டைக்கு வர்றாங்களாம்.”

என் வாய் அப்போதுதான் மூடியது. நான் என்ன எழுதுகிறேன் என்று அக்காவுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள்.

“நீயா?”

“டெஸ்ட்டுன்னு நெனச்சேன்கா.”

அவள் உள்ளே ஓடினாள். சொந்த வண்டியில் வந்த இரண்டு பேரை மட்டும் பார்த்துவிட்டு, நேர்முகம் எடுக்க வந்த வெளிநாட்டு மேனேஜர் விமானம் பிடிக்கக் கிளம்பியிருந்தார். வேலை அவர்களில் ஒருத்திக்குப் போனது. கல்யாணமாகிப் போகும்வரை அக்கா ஆபரேட்டராகவே மைக்ரோஸ்கோப் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டபோதெல்லாம் “விடுடா” என்பாள். என் முதலாளியோ திட்டியதோடு விட்டுவிட்டார். என் வேலை போகவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

இப்போது வீட்டில் யாராவது என்னிடம் வழி கேட்டால் அக்கா முந்திக்கொள்வாள். “மாமாகிட்ட கேக்காதீங்க, சூலியா தெருவுக்கு அனுப்பிடுவாரு.” உடனே அவள் பிள்ளைகள் முழுக்கதையையும் சொல்லச் சொல்வார்கள். டிரைவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதை, நேரில் பார்த்தவள் போல நடித்துக் காட்டுவாள். கதையை அதோடு முடித்துவிடுவாள். அன்று அவளுக்கு நேர்முகம் இருந்தது அந்தப் பிள்ளைகளுக்கு இன்றுவரை தெரியாது. எல்லாரும் சிரிப்பார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன்.