ஆவியில் வெந்த வடை

புருஷன் சாப்பாட்டில் கைவைக்கிற பெண்டாட்டிக்கு ஊரில் ஒருத்தரும் துணைக்கு வரமாட்டார்கள். நகையை அடகு வைத்துச் சினிமா பார்த்தாள் என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். சோற்றில் கைவைத்தாள் என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு இது தெரியவந்த விதம்தான் கொஞ்சம் கேவலமானது.

எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரருக்குச் சின்னமனூரில் காய்கறிக் கமிஷன் மண்டி. உட்கார்ந்த இடத்தில் வேலை, எழுந்தால் சாப்பாடு. ஒருநாள் மூச்சு வாங்குகிறது என்று மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “ரத்தத்துல கொழுப்பு ரொம்பக் கூடியிருக்கும்மா. எடை குறையணும், நடக்கணும். கறி, முட்டை, நெய், தேங்காய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாத்தையும் குறைங்க. தை மாசம் மறுபடி பார்ப்போம்” என்றார்.

என் மாமனார் அதே மண்டியில், காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடி சாய்ந்து போனவர். அவருக்கு அப்போது பெரிய வயசு ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தில் டாக்டர் சொன்னதில் கறியும் முட்டையும் மட்டும்தான் என் மண்டையில் ஏறின. மிச்சமெல்லாம் சைவம்தானே, அது என்ன செய்துவிடப்போகிறது! (அப்ப நான் பத்தாங்கிளாஸ் பாஸ் வேற. அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல.)

ஊருக்கு வரும் பஸ்ஸிலேயே எனக்கு யோசனை வந்துவிட்டது. கார்த்திகை பிறக்கப்போகிறது. கம்பம் ரோட்டில் சபரிமலைக்குப் போகிற கூட்டம் அலைமோதும். இவரையும் மாலை போடவைத்தால் ஒரு மண்டலம் முழுக்கக் கறி என்ற பேச்சே கிடையாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“ஏங்க, இந்த வருசம் மாலை போடுங்களேன்.”

“போட்டாப் போச்சு புள்ள” என்றார் உடனே. கறியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாத மனுஷன் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மாலை போட்ட மறுநாளிலிருந்து அவர் எனக்குச் சாமி. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், சாமி பசி என்றால் உடனே இலை போட வேண்டும். மறுத்துப் பேசினால் தெய்வக் குற்றம். “சாமி, இன்னொரு தோசை சாமி” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாயங்காலமானால் யாராவது ஒரு சாமி வீட்டில் பஜனை. பஜனை முடிந்தால் நெய் ஒழுகும் பொங்கல், உளுந்த வடை, பாயசம். சாமிக்குப் போட்டால் புண்ணியம் என்று ஊரே என் புருஷன் இலையில் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தது.

சந்தேகப்பட்டு ஒருநாள் மண்டித் தராசில் ஏறச்சொன்னேன். நாலு கிலோ கூடியிருந்தார். அன்றைக்குத்தான் டாக்டர் சொன்ன நெய்யும் தேங்காயும் என் காதில் விழுந்தன.

அந்த வாரம் எங்கள் வீட்டில் கன்னிபூஜை. முதல் தடவை மலைக்குப் போகிறவர் மற்ற சாமிகளை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடும் பூஜை அது. அந்த ஆத்திரத்தில் சமையலறைக்குள் போனேன். பொங்கலில் ஒரு சொட்டு நெய் விடவில்லை. சுண்டலுக்குத் தேங்காயும் இல்லை, தாளிப்பும் இல்லை. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவே கூடாது என்று வடை மாவைத் தட்டி இட்லிக் கொப்பரையில் ஆவியில் வேகவைத்தேன்.

பஜனை பிரமாதமாக நடந்தது. எல்லாரும் நல்ல பசியோடு இலையில் உட்கார்ந்தார்கள். குருசாமி அரிசிக்கடைக்காரர். பலமுறை மலைக்குப் போனவர், எத்தனையோ கன்னிபூஜைச் சாப்பாடு பார்த்தவர். வடையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“மாளிகைப்புறம், இது என்ன பலகாரம்?” (மாலை போட்டவுக பொம்பளைகள அப்படித்தான் கூப்பிடுவாக.)

“வடை சாமி.”

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். “ஓட்டை இருக்கு. வடைதான்” என்று பக்கத்துச் சாமியிடம் உறுதி சொன்னார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாரும் மிச்சம் வைக்காமல் விழுங்கிவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பரிதாபத்தின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையில் விளங்கியது. வாசலில் குருசாமியும் நாலைந்து சாமிகளும். கூடவே ஒரு மூட்டை அரிசி, ஒரு டின் நெய், சாக்கு நிறையத் தேங்காய்.

“மண்டி நொடிச்சுப் போச்சுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சாமி? ஒரு சொட்டு நெய்க்கு வழியில்லாமயா பூசை வைக்கணும்?” என்றார் குருசாமி கண் கலங்க.

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். மண்டி நொடித்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், மறுநாள் ஒரு விவசாயி மூட்டை இறக்கமாட்டான். இனி மறைப்பதில் பிரயோசனமில்லை என்று நான் வாயைத் திறந்தேன். ரத்தத்தில் கொழுப்பு, மதுரை டாக்டர், மாமனார் போன விதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “எனக்குப் பயமா இருக்கு சாமி. இவுகளும் அப்படிப் போயிட்டா நான் என்ன செய்வேன்?” என்று தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

குருசாமி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “முந்தாநாள் எங்க வீட்டுல பொங்கலை வாங்கி வாங்கிச் சாப்பிட்டீகளே. அப்ப இதைச் சொன்னீகளா சாமி?”

“நீங்க கேக்கலையே சாமி.”

“சரி. இன்னையிலேருந்து மாளிகைப்புறம் கண்ணு காட்டுனாத்தான் இந்தச் சாமி இலையில எதுவும் விழணும். இது குரு உத்தரவு. காலையில என்கூட மேகமலை ரோட்டுல நடக்க வந்திரணும்.”

ஆவியில் வெந்த வடையால் முடியாதது அந்த உத்தரவால் முடிந்தது. எந்த வீட்டில் பஜனை என்றாலும் இவர் இலைக்கு முன்னால் கரண்டி நிற்கும், பரிமாறுகிறவர் கண்கள் என்னைத் தேடும். தினமும் மேகமலை அடிவாரம் வரைக்கும் செருப்பில்லாத நடை வேறு. சபரிமலைக்குப் போய்த் திரும்பியபோது அவர் சட்டைகள் தொளதொளத்தன. தை மாதம் ரத்தம் பார்த்த டாக்டருக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்த்தார். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரு பாட்டம் அழுதேன்.

மாலையைக் கழற்றினார்கள். உத்தரவைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து எங்கள் மகள் கல்யாணப் பந்தியில் பருப்புக்கு நெய் விட்டுக்கொண்டு வந்தவர், இவர் இலைக்கு முன்னால் நின்று மண்டபத்தில் என்னைத் தேடினார். பந்தியே நின்றுபோனது. நான் தூரத்திலிருந்து ஒரு விரலைக் காட்டினேன். ஒரு கரண்டி விழுந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைச் சம்பந்தி சிரித்துவிட்டார். “என்ன சம்பந்தி, ஒரு கரண்டி நெய்க்கு இம்புட்டு அதிகாரமா?”

“அந்த அதிகாரம் இருக்கப்போயித்தான் நான் எம்மக கல்யாணத்துல உக்காந்திருக்கேன்” என்றார் இவர்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தால், சம்பந்தி இலைக்குப் போன நெய்க் கரண்டியை இவர், பரிமாறுகிறவர் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துத் தன் இலைப் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் எந்த நல்லது கெட்டதற்கும் என் கண் லேசாகக் கலங்கினால் போதும், பேத்தி வரைக்கும் ஒரே குரலில் கத்துகிறார்கள்: “அழுகாதீக, மொதல்ல அவுக இலையைப் பாருங்க!”