கராம்புக்காரருக்குப் பதில் ஓர் ஆள் தேவை

அலுவிகாரை,
மாத்தளை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் ஸக்கரியா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். அந்த 'எல்லோரும்' என்பதில் என்னை மட்டும் சேர்க்காமல் வாசித்துக்கொள்ளுங்கள். வில்கமுவையில் நெல் எப்படி, யானைத் தொல்லை எப்படி என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான், ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் தங்கை மஸீஹா காதில் விழும். வாட்ஸ்அப்பில் போட்டால் உங்கள் பிள்ளைகள் முதலில் வாசிப்பார்கள். அதனால் இதை லொறிக்கார ஜமால்தீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விஷயம் இதுதான். என் மகள் றுக்ஸானா மெடிக்கல் காலேஜில் படிப்பிக்கிறாள் அல்லவா, இப்போது லீவில் வந்திருக்கிறாள். லீவு என்று பேர்தான், நாள் முழுக்க லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்து நோயாளி செய்கிறாள். ஆமாம் மச்சான், செய்கிறாள். மாணவர்களைச் சோதிப்பதற்காக இல்லாத ஓர் ஆளை உண்டாக்கி, அவருக்கு வயது, தொழில், சாப்பாடு, நோவு எல்லாம் கொடுத்து, இவருக்கு என்ன நோய், அடுத்து என்ன செய்வாய் என்று கேட்பார்களாம். இதற்குப் பேர் கேஸ் எழுதுவது. ஆள் பொய், நோய் மெய். "உசிருள்ள ஆள் மாதிரி இருக்கணும் வாப்பா, இல்லாட்டி பிள்ளைங்க பாடமாக்கின விடைய எழுதிட்டுப் போயிருவாங்க" என்று சொல்லி, மிளகு யாவாரி காலையில் என்ன சாப்பிடுவார், மூட்டையை எந்தத் தோளில் தூக்குவார் என்றெல்லாம் என்னிடம் கேட்பாள். நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கொஞ்ச காலமாகவே பள்ளிவாசலில் இருந்து வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் எனக்கு நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது. நின்றால் விடுகிறது, நடந்தால் பிடிக்கிறது. வாய்வுதான் என்று இஞ்சி தின்றேன், உள்ளி தின்றேன், அது கேட்பதாக இல்லை. எங்கள் வாப்பா கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவே இல்லை, நீங்களும் ஜனாஸாவுக்கு வந்தீர்கள். டாக்டரிடம் போகப் பயம். போகாமல் இருக்கவும் பயம். வீட்டிலேயே ஒரு டாக்டர் இருக்கிறாள், அவளிடம் சொல்ல எல்லாவற்றையும் விடப் பயம். அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட புத்தி வந்தது. "மகள், ரிவர்ஸ்டன் பக்கமிருந்து நம்ம கடைக்குக் கராம்பு கொண்டு வர்ற ஒருத்தர் இருக்காரு. அவருக்கு ஏற்றத்துல நெஞ்சு இறுக்குதாம். உன் கேஸுக்கு ஆகுமா?" என்று கேட்டேன். அப்படி ஒரு ஆளே கிடையாது, மச்சான். அவள் லெப்டொப்பில் இருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா ஆகும் வாப்பா" என்றாள்.

அடுத்த நாள் பிளேன்டீ குடிக்கும்போது முதல் பகுதியை வாசித்துக் காட்டினாள். ஏற்றம், இறுக்கம் எல்லாம் நான் சொன்னபடிதான். ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: 'ஏற்றத்தில் நிற்கும்போது, பார்ப்பவர்கள் சந்தேகப்படாமல் இருக்க, போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொள்வார்' என்று எழுதியிருக்கிறாள். இதை நான் சொல்லவே இல்லை. ஆனால் நான் செய்வது அச்சொட்டாக அதேதான்! படித்த பிள்ளைக்கு எப்படியெல்லாம் தோன்றுகிறது பாருங்கள்.

பிறகு இரண்டாம் பகுதி வந்தது. கராம்புக்காரர் டாக்டரிடம் போகவில்லை. சந்தை நாளில் மூட்டையைத் தூக்குகிறார், விழுகிறார். "அந்தாளு இப்ப சுகமாம் மகள், கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சாராம்" என்று சொல்லிப் பார்த்தேன். "கொத்தமல்லில சுகமாகுற ஆள வச்சு நான் எப்படிப் பாஸ், ஃபெயில் போடுறது?" என்கிறாள். அப்படியென்றால் மூட்டையையாவது சின்னதாக்கு என்று கெஞ்சினேன். முடியாதாம்.

மூன்றாம் பகுதி ஒரே ஒரு கேள்விதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மனைவி கையில் குடையோடு நிற்கிறார், அவரிடம் போய் என்ன சொல்வாய்? "என்னத்தச் சொல்றது? அவருக்கு என்ன ஆச்சு?" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து மஸீஹா குடையும் கையுமாகக் கடைத்தெருவில் இருந்து உள்ளே வந்தாள். மழையோ வெயிலோ, குடையில்லாமல் உங்கள் தங்கை வாசல் தாண்டமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். வாயில் இருந்த பிளேன்டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

இதுவாவது போகட்டும். கேஸை மாணவர்களுக்கு அனுப்பி விடையும் வாங்கிவிட்டாளாம். "முக்கால்வாசிப் பேரு வாய்வுன்னு எழுதி, மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க வாப்பா. அவங்க கையில அவரு மவுத்து" என்றாள். வாய்வு என்று நான் சொன்னதையேதான் அந்தப் பிள்ளைகளும் சொல்லியிருக்கிறார்கள், சொல்லிக் கொன்றுவிட்டார்கள்! அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தொழுகையில் எத்தனை ரக்அத் என்பது மறந்துபோகிறது. இப்போது அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். "அந்தக் கராம்புக்காரரப் புதன்கிழமை கூட்டிட்டு வாங்க, ஈசிஜி எடுக்கணும். நீங்க கூட்டி வராட்டி நான் ரிவர்ஸ்டனுக்கே போய் வீடு வீடாத் தேடுவேன்." செய்வாள் மச்சான், அவள் உம்மாவின் பிள்ளை.

ஆகவே என் மானம் உங்கள் கையில். உங்கள் டிராக்டர் ஓட்டும் முத்துவீரனைப் புதனுக்கு முன் இங்கே அனுப்பி வையுங்கள். றுக்ஸானா அவரைக் கண்டதில்லை. என் வயசுதான், ஆனால் நெல் மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்குகிற மனுசன். ஏற்றத்தில் இறுக்கும், நின்றால் விடும், தகப்பன் நெஞ்சு நோவில் போனவர், இவ்வளவையும் பாடமாக்கிக் கொடுங்கள். கராம்பு மணம் வர அவர் சட்டைப் பையில் ஒரு பிடி நானே போட்டுவிடுகிறேன். ஈசிஜியில் அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் கராம்புக்காரருக்கு ஒன்றுமில்லை. கராம்புக்காரருக்கு ஒன்றுமில்லை என்றால் எனக்கும் ஒன்றுமில்லை. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், இதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஒருவேளை முத்துவீரனுக்கே ஏதாவது இருப்பதாக வந்தால், தயவுசெய்து அதை என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அல்லாஹ் உங்கள் வயலுக்கு மழையும் உங்கள் வீட்டாருக்கு நீண்ட ஆயுளும் தரட்டும். ஆயுள் கேட்கும்போது இந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் கேளுங்கள். மதினி ஸுபைதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
ஒரு நோவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கும்
ஜைனுதீன்

பி.கு.: முத்துவீரனை அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது றுக்ஸானா வந்து நின்றாள். "கராம்புக்காரர் எங்க வாப்பா?" என்றாள். "வில்கமுவையில இருந்து வர்றாரு" என்று உளறிவிட்டேன். "ரிவர்ஸ்டன் ஆளு ஏன் வில்கமுவையில இருந்து வர்றாரு? புதன்கிழமை வரைக்கும் பார்த்துட்டு இருக்க ஏலாது. சட்டையப் போடுங்க, போவோம்" என்றாள். வந்த அன்றே ஏற்றத்தில் என்னைப் பார்த்துவிட்டாளாம். அந்தக் கேஸை எந்த மாணவருக்கும் அனுப்பவில்லையாம். ஒரே ஓர் ஆளுக்காக எழுதினாளாம், அவரும் ஃபெயிலாம். "மூணாம் பகுதிக்கு என்ன விடை மகள்?" என்று கேட்டேன். "அத மட்டும் எனக்கு எழுத முடியல வாப்பா" என்று சொல்லி அழுதுவிட்டாள். பயமாக இருக்கிறது மச்சான், துஆ செய்யுங்கள். திரீவீல் வந்துவிட்டது. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மஸீஹா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறாள்.