எல்லாவற்றுக்கும் சம்மதம்

"இது டெஸ்டா, புராணமாப்பா?" கேசவமூர்த்தி, சுஹாஸ் எழுதிய சோதனை நிரலைத் திரையில் தட்டிக் காட்டினார். "மாப்பிள்ளை பேரு, நட்சத்திரம், சம்பளம்னு நாப்பது வரி! கடைசியில நீ என்னத்தைச் சோதிக்கிறேன்னே புரியலையே!"

ஊருக்கெல்லாம் வரன் பார்க்கும் பெங்களூர் கல்யாணத் தளம் அது. அதன் மேனேஜர் கேசவமூர்த்திக்கு மட்டும் நாற்பது தாண்டியும் பெண் அமையவில்லை. அந்த எரிச்சல் சுஹாஸ் தலையில்தான் இறங்கும்.

சுஹாஸ் ஒரு ஹெல்பர் எழுதினான்; சோதனைக்கென்று போலி வரனை உருவாக்கித் தரும் குட்டி நிரல். பெயர் ‘நல்ல மாப்பிள்ளை’. ஒரே வரியில் கூப்பிட்டால் போதும். கோடி ரூபாய் சம்பளம், சொந்த வீடு, தோஷமில்லாத ஜாதகத்தோடு ஒருவன் தயார். டெஸ்ட் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. படம் தேடச் சோம்பல்பட்டுத் தன் படத்தையே வைத்தான்.

அதை ஓடவிட்டதுதான் வம்பு. கஞ்சத்தனம் பிடித்த அந்த அலுவலகத்தில் சோதனைத் தளமும் நிஜத் தளமும் ஒன்றுதான்; போலி மாப்பிள்ளை நிஜ வரன்களோடு போய் உட்கார்ந்துவிட்டான். மாலைக்குள் மைசூர் நிஹாரிகா என்ற பெண்ணிடமிருந்து பதில் வந்துவிட்டது: "எனக்குச் சம்மதம்."

அழிக்கப் போனவன் அழிக்கவில்லை. அவனுடைய உண்மையான வரன் பக்கத்தை வருடக்கணக்காக ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டால் போகிறது!

"சொந்த வீடு கிடையாதுங்க," என்று எழுதினான்.

"எனக்குச் சம்மதம்."

"சம்பளமும் சும்மா சொன்னதுதான். படம் பழசு. இப்ப முன்னாடி வழுக்கை."

"எனக்குச் சம்மதம்."

"அம்மா நம்மகூடத்தான் இருப்பாங்க. கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"எனக்குச் சம்மதம்."

சுஹாஸ் உருகிப்போனான். இப்படியும் ஒரு பெண்ணா! விஷயம் கேள்விப்பட்ட அம்மா சிக்பேட்டைக்கு ஓடிப் பட்டுச்சேலையே எடுத்துவிட்டார். மல்லேஸ்வரம் மாமா வரை தகவல் போய்விட்டது. கேசவமூர்த்திகூட ஒரு வாரமாகத் திட்டாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

பூரிப்பு தாங்காமல், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிந்துஸ்ரீயிடம் நிஹாரிகாவின் படத்தைக் காட்டினான்.

"இவங்களத்தான் கட்டிக்கப் போறேன்."

பிந்துஸ்ரீ படத்தைப் பார்த்தாள். மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தாள். காபியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ சார், இது நான் டெஸ்டுக்கு எழுதின ஹெல்பர், ‘நல்ல பொண்ணு’. யார் என்ன எழுதினாலும் சம்மதம்னு பதில் போடும்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்காவது சேலையோட போச்சு. மேனேஜர் சார் நேத்து கல்யாண மண்டபத்துக்கே அட்வான்ஸ் கட்டிட்டாரு!"