ரிஜெக்ட் அக்காவின் பன்னிரண்டாவது அம்பு

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்ததும் ரிஜெக்ட் அக்காவிடம் காட்டியிருந்தால், குறைந்தது நாற்பது இடத்தில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அவள் சொந்தப் பெயர் எங்கள் வேலம்பாளையம் வீதியில் யாருக்கும் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி; பனியன் கம்பெனியில் செக்கிங். தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பீஸை டெய்லருக்கே திருப்புவது வேலை. குறையைச் சரிசெய்யாமல் அம்பை எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை அவள் வீதிக்கும் கொண்டுவந்துவிட்டாள். டீக்கடையில் விரிசல் விட்ட கிளாஸில் அம்பு. என் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாததற்கு ஒரு அம்பு. அந்த அம்போடு நான் பேங்க் வரை போய் வந்துவிட்டேன்.

என்னை அப்புச்சி என்று கூப்பிடும் மகள் வயிற்றுப் பேத்தி நித்யா அப்போது ஒன்பதாவது; பள்ளிச் சாரணியர் படையில் இருந்தாள். விருதுப் பட்டியலில் பெயர் சேர, சமூக சேவைத் திட்டம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் நான்கு வருஷ உழைப்பு வீண்.

கொடுப்பதற்கு முன் குறை பார்த்துவிடலாம் என்று, திங்களன்று நூறு மரக்கன்று நடும் திட்டத்தை அக்காவிடம் காட்டினாள். ஒன்றரைப் பக்கம், ஆறு அம்பு.

"நூறு கன்னுக்கு யாரு தண்ணி ஊத்துவா? நமக்கே கொழாயில வாரம் ஒருக்காத்தான் வருது. கன்னு என்ன, லீவு போட்டுட்டு லாரித் தண்ணிக்கு வரிசையில நிக்குமா?"

செவ்வாய், பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம். எட்டு அம்பு. "பேனரை எதுல அடிப்பிய? பிளாஸ்டிக்குலதான?"

புதனன்று நானே எழுதினேன். முதியோர் கல்வி, ஏழு பக்கம். பதினெட்டு அம்பு. அதில் ஒன்று என் பெயர்மேல்.

"என் பேர்ல என்னம்மா குறை?"

"பாடம் நடத்துறது நீங்கன்னு போட்டிருக்கு தாத்தா. உங்களுக்குப் பொறுமை ஏது?"

வியாழன் சாயங்காலம் நித்யா அழுதேவிட்டாள். "நாளைக்குக் கடைசிங்க அக்கா. எல்லாத்தையும் வேண்டாம்னா நான் என்னத்தைங்க எழுதறது?"

அக்கா முதல்முறையாகத் தடுமாறிப் போனாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏட்டி, அழாத. உங்க அப்புச்சி தெனமும் என்னத்த எண்ணிக்கிட்டே நடக்காக?"

"சாக்கடை மூடிங்க. அம்பத்திரண்டுல பதினொண்ணு ஆடுதாம். போன மாசம் ஒரு பாப்பா காலை விட்டுருச்சுங்க."

"எண்ணிட்டு என்ன செய்வாக?"

"பொலம்புவாருங்க."

"அப்ப நாம அம்பு போடுவோம்."

அன்று எழுதிய திட்டம் அரைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆறு சாரணியர், ஆடுகிற மூடிகளில் சிவப்புப் பெயிண்டில் முழ நீள அம்பு வரைவது; அந்தந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது; சரிசெய்த பிறகே அம்பை அழிப்பது. அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு துணியில் ஓட்டை பார்க்கிற மாதிரி தாளைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"பாஸ்."

ஞாயிறு மதியம், பன்னிரண்டு அம்பு போட்டாயிற்று என்றாள் அக்கா. என் வாசலில் நின்றபடியே சண்டை பிடித்தேன். "பதினொண்ணுதானம்மா! என் கணக்குத் தப்பாது."

"தெனமும் எங்க நின்னு எண்ண ஆரம்பிப்பிய தாத்தா?"

குனிந்து பார்த்தேன். இரண்டு செருப்புக்கும் நடுவே சிவப்பாக ஒரு அம்பு. மூடி டக்கென்று ஆடியது. வீதியே சிரித்தது.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, மூடிக்கு அடியில் சிமெண்ட் வைத்தேன். மற்றவர்களும் வெட்கப்பட்டு ஒவ்வொருவராகச் செய்தார்கள். ஒருவர் மட்டும் மூடியை விட்டுவிட்டு அம்பை அழித்தார். அடுத்த நாள் அங்கே இரண்டு அம்பு. அதற்கடுத்த நாள் நான்கு. எட்டு ஆவதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். நித்யாவுக்கு விருதும் வந்தது.

அடுத்த வருஷம் அக்கா சொந்த ஊருக்கே போய்விட்டாள். பதினொரு அம்புகளை அழித்தாயிற்று. பன்னிரண்டாவது மட்டும் என் வாசலில் இருக்கிறது. மூடி ஆடுவதில்லை, சட்டப்படி அதை அழித்திருக்க வேண்டும். நானோ ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுப் பெயிண்ட் அடித்து வைக்கிறேன். இது தப்பு என்று சொல்லவாவது அவள் ஒருநாள் வருவாள் அல்லவா?