எல்லாம் சொந்த மூளை

யாரிடமும் எதையும் கேட்காத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பஸ் எங்கே நிற்கும் என்றுகூட விசாரிக்காது. நீங்களாக ஒரு யோசனை சொன்னால், "அதெல்லாம் வேலைக்கு ஆவாதுங்க" என்று தள்ளிவிட்டு, மூன்றாம் நாள் அதே யோசனையை, "குளிக்கும்போது தோணுச்சு" என்று உங்களிடமே சொல்லும். பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் என்ன!

குன்னத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த இளையபெருமாள் இந்த இனத்தில் முதல் தரம். 2004ஆம் வருஷம், மக்காச்சோளக் கதிரை உதிர்க்கும் சின்ன மெஷின் ஒன்றைச் செய்தார். வெளியூர்ப் பெரிய மெஷின் எப்போது வருமென்று காத்துக் கிடக்கும் சிறு விவசாயிகளுக்கு வேண்டியது அதுதான். ரகசியம் வெளியே போய்விடுமே என்று தார்ப்பாய் போட்டு மூடி, வந்தவர் போனவர் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்து, ஒருவழியாகச் சோதனை நாளுக்கு வந்து சேர்ந்தார்.

முதல் மூட்டைக் கதிரோடு வந்தவர் பஞ்சவர்ணம். நாலு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளத்துக்குச் சொந்தக்காரி. மெஷின் ஓடியது. கொட்டியதை அள்ளிப் பார்த்தார். பாதி நொய்.

"தம்பி, இது உதிர்க்கலப்பா, அரைக்குது."

அப்போது பெல்ட் கொடுக்க வந்திருந்தவர் ஜபருல்லா. பத்து வருஷம் வளைகுடாவில் மெஷின் பழுது பார்த்துவிட்டு வந்து, லப்பைக்குடிக்காட்டில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர்.

"டிரம் ரொம்ப வேகமா சுத்துதுண்ணே. டிரம்ல பெல்ட் மாட்டுற சக்கரம், அந்தப் புல்லிய பெருசாக்கி, இரும்புப் பல்லுக்கு ரப்பர் போடுங்க."

"வேலைக்கு ஆவாது பாய்."

இரண்டு வாரம் தனியாகப் போராடினார் இளையபெருமாள். நொய் நொய்யாகவே வந்தது. புல்லியை மாற்றியிருக்கலாமே? மாற்றினால் பாய் சொன்னது சரியென்று ஆகிவிடுமே! கடைசியில் பஞ்சவர்ணமே வந்தார். "கதிர் காஞ்சிருச்சுப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவலன்னா வெளியூர் மெஷினுக்குச் சொல்லிருவேன். ஊரே அப்படித்தான் பேசிக்குது."

இளையபெருமாள் பட்டறையைப் பூட்டினார். லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினார்.

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன் பாய்."

ஜபருல்லா சிரிக்கவில்லை. டீ சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ரப்பர்ப் பட்டையையும் பெரிய புல்லியையும் எடுத்துப் பையில் போட்டு, "வாங்கண்ணே, நானும் சும்மா அந்தப் பக்கம் வரேன்" என்றார். இளையபெருமாள் மிச்ச டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மெஷின் ஓடியது. "இன்னும் ஈரம் இருக்குற கதிரத் தள்ளி வைங்க, அதான் ஒடையுது" என்று பஞ்சவர்ணம் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தார். முத்து முத்தாகக் கொட்டியது சோளம். கூடியிருந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அதுவா? ஒருநாள் குளிக்கும்போது..."

"ஏம்பா, நாம மூணு பேரும் சேந்தா குளிச்சோம்?" என்றார் பஞ்சவர்ணம்.

கூட்டம் சிரித்து அடங்கவே நேரமாயிற்று. இளையபெருமாள் காது சிவக்க நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாய்தாங்க புல்லி சொன்னாரு. அக்காதான் கதிர்ப் பதம் சொன்னாங்க" என்றார். சொன்ன பிறகு உடம்பே லேசானது போல இருந்தது. அந்த அறுவடையில் ஏழு மெஷின் செய்தார்கள், சேர்ந்தே.

போகட்டும். நீங்கள் சிரித்தது போதும். போன மாதம் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னீர்களே ஒரு யோசனை, அதை முதலில் சொன்னது யார்? பெயர் ஞாபகம் வரவில்லையா? எனக்கு அப்போதே சந்தேகம்தான்.