மகாவலிக்கு ஒரு சொந்தக்காரர்

மகாவலி கங்கைக்கு இந்த இலங்கையில் நெருங்கிய சொந்தக்காரர் ஒரேயொருவர்தான். ஈச்சிலம்பற்றில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் மகாவலியார்.

அவருடைய வயலோரம் ஒரு தோணா ஓடுகிறது. தோணா என்றால் எங்கள் பக்கத்தில் சிற்றோடை. கோடையில் கன்றுக்குட்டி தாண்டிவிடும். ஆனால் மலைநாட்டிலிருந்து வரும் மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறு, வெருகலில் பிரிவது இந்தத் தோணா. ஆகவே அவருக்கு இதுவும் மகாவலிதான். யாராவது அதில் கால் கழுவினால் ஓடி வருவார்.

"மெல்லமாக் கழுவும் ஐசே! கண்டியிலயிருந்து களைச்சு வந்த தண்ணி!"

இந்த மனிதரிடம் நான் மாட்டியது என் பிழையால். பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வரைபடம் கீறுவது என் வேலை. நாங்கள் அளக்கப் போவது எப்போதும் ஆவணியில். மாரியில் அந்தப் பக்கம் போக ஒருவருக்கும் மனம் வராது. ஆவணியில் தோணா வறண்டு கிடக்கும். வெட்டிய நெல்லை ஏற்றிய உழவு மெஷின்கள் அதற்குள்ளேயே ஓடும். நான் டயர்த் தடத்தைக் கண்டேன், 'வண்டிப்பாதை' என்று கீறிவிட்டேன்.

அடுத்த வருடமே அந்தப் பாதையைக் கிரவல் போட்டு உயர்த்த உத்தரவு வந்தது. தோணாவை மூடினால் மாரி வெள்ளம் கடலுக்கு வடிய வழியில்லை. மகாவலியாரின் மூன்று ஏக்கரோடு அந்த வெளி முழுவதும் அழுகிப்போகும். மனுவோடு பஸ் ஏறி எங்கள் கந்தோருக்கு வந்தார். எஞ்சினியர் படத்தை விரித்தார்.

"இதில தோணா எங்க இருக்கு? பாதையெல்லோ கிடக்கு."

"ஐயா, மாரியில ஒருக்கா வந்து பாருங்கோ."

"மாரியில வர ஏலாது. றோட்டுச் சரியில்லை."

நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து குனிந்தபடி பென்சில் சீவினேன். நினைத்தால் இன்றும் வெட்கம்.

அதற்குப் பிறகும் விடாமல் மனுக்கள் வந்தன. மார்கழியில் மனுவுக்குப் பதிலாக அழைப்பு வந்தது: "வீட்டில ஒரு விசேஷம். மத்தியானம் நண்டுக்கறி. எல்லாரும் கட்டாயம் வரவேணும்." மனுவுக்கு அசையாத கந்தோர் நண்டுக்கு எழும்பியது. கொட்டும் மழையில் ஜீப்பில் புறப்பட்டோம்.

வயல்வெளி வந்ததும் சாரதி பிரேக் போட்டார்.

"ஐயா, முன்னால ஒரே தண்ணியாக் கிடக்கு."

எஞ்சினியர் மடியில் என் படம். "படத்தில பாதை கிடக்கு. நீர் விடும்."

விட்டார். நாலு முழம் போனதும் ஜீப் மூக்கைத் தாழ்த்தியது. தண்ணீர் இருக்கைவரை ஏறிவிட்டது. எல்லோரும் பதறி இறங்கி இடுப்பளவு நீரில் நிற்க, மகாவலியார் தோணி வலித்துக்கொண்டு வந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு.

"வாங்கோ, வாங்கோ! மகாவலி வந்திருக்கிறா. அதுதான் விசேஷம்!"

"ஆர் இதைப் பாதையெண்டு கீறினது?" எஞ்சினியர் கத்தினார்.

"நான்தான் ஐயா" என்றேன்.

மகாவலியார் என்னைக் கைபிடித்துத் தோணியில் ஏற்றினார். "தம்பியைப் பேசாதேங்கோ. அவர் வந்த நேரம் அவ வீட்டில இல்லை."

நண்டுக்கறி உண்மையாகவே இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் எஞ்சினியர் படத்தை என் பக்கம் தள்ளினார். அங்கேயே திருத்தினேன். கிரவல் வேறு வழியால் போனது.

அன்றிலிருந்து மாரிதோறும் வெள்ளம் வடிந்ததும் எனக்குப் போன் வரும். "தம்பி, அவ கடலுக்குப் போயிட்டா. பயிர் தப்பிட்டுது!" இந்த மாரியில் மழை விட்டு ஐந்து நாளாகியும் போன் இல்லை. நான் எடுத்தாலும் பதிலில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

வயல் பச்சைப்பசேல் என்று நின்றது. மகாவலியார் தோணாவுக்குள் நின்று காலால் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"போன் விழுந்திட்டுது தம்பி. அதுசரி, நீங்கள் என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்த மனுசனை முழுசாகக் கண்டதே போதுமாயிருந்தது. போட்டிருந்த களிசான் நனைய இறங்கி நானும் தேடத் தொடங்கினேன்.